எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்கப் போகிறீர்களா? அறையிலிருந்து ஆரம்பியுங்கள்

ஒரு பல்கலைக்கழகத் துறைக்கு ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஆய்வகப் பேச்சில் ‘செம்’, வாங்க நிதி ஒப்புதல் வந்துவிட்டது என்றால் அடுத்த வாரமே நாலு கம்பெனியின் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எத்தனை லட்சம் மடங்கு பெரிதாக்கும் என்பதில்தான் பேச்சு தொடங்கும். அந்தக் கேள்வியை ஓரமாக வையுங்கள். கருவி எந்த அறையில் நிற்கப் போகிறது, தினமும் அதை இயக்கப் போவது யார், வாரண்டி முடிந்தபின் வருடத்துக்கு எவ்வளவு பணம் கையில் இருக்கும் என்ற மூன்றுக்கும் முதலில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் செம் அறைகளில் பலவும் கருவி கெட்டுப்போனதால் பூட்டியவை அல்ல. இந்த மூன்றில் ஒன்றுக்கு ஆரம்பத்திலேயே பதில் இல்லாததால் பூட்டியவை.

எந்த வகைக் கருவி தேவை என்பதைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கடந்த இரண்டு வருடத்தில் உங்கள் துறை ஆய்வு மாணவர்கள் வெளியே கொடுத்து எடுத்துவந்த செம் படங்களில் நூறை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள அளவுகோலைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 1 மைக்ரோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், உங்களுக்கு வேண்டியது டங்ஸ்டன் இழையைச் சூடாக்கி எலக்ட்ரானைக் கிளப்பும் சாதாரண செம். 100 நானோமீட்டர் அளவுகோல் அடிக்கடி வந்தால்தான், கூரான முனையிலிருந்து மின்புலத்தால் எலக்ட்ரானை இழுக்கும் ஃபீல்ட் எமிஷன் கருவி பற்றிப் பேசவேண்டும். ஆசைக்கும் தேவைக்கும் உள்ள தூரத்தை அந்த நூறு படங்களே சொல்லிவிடும்.

டங்ஸ்டன் கருவி 30 கேவியில் (கிலோவோல்ட், எலக்ட்ரானை முடுக்கும் மின்னழுத்தம்) 3 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். கொண்டை ஊசி போல வளைத்த அந்தக் கம்பி 40 முதல் 100 மணி நேரம் எரியும், பிறகு அறுந்துபோகும். பழகிய கை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடும். எலக்ட்ரான் கிளம்பும் கன் பகுதிக்கு 10⁻⁵ டார் (அழுத்தத்தின் அலகு) அளவு வெற்றிடம் போதும். மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், காலையில் வந்து போடலாம். ஷாட்கி வகை ஃபீல்ட் எமிஷன் கருவி 1 நானோமீட்டரைத் தொடும், குறைந்த கேவியிலும் படம் தெளிவாக வரும், முனை வருடக்கணக்கில் வரும். ஆனால் கன் பகுதியில் 10⁻⁹ டார் வெற்றிடம் இரவும் பகலும் நிற்கவேண்டும். அயன் பம்ப் ஒரு நிமிடம்கூட அணையக் கூடாது. நம் வளாகங்களில் பொங்கல் விடுமுறைக்கோ ஆயுத பூஜைக்கோ கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி தீர்ந்தபின் கன் காற்று வாங்கினால், மறுபடி சூடேற்றி வெற்றிடத்தை மீட்க நாள் கணக்காகும். முனை போயிருந்தால் மாற்றும் செலவு லட்சங்களில். மின்சாரத்துக்குத் தனிக் கோடும், தானாக ஓடும் ஜெனரேட்டரும், முழுநேரமும் கருவியை இயக்க ஓர் ஆளும் இல்லாத துறைக்கு ஃபீல்ட் எமிஷன் வாங்குவதை எங்களால் ஆதரிக்க முடியாது, நிதி இருந்தாலும். எம்எஸ்சி மாணவர் கை வைக்கவேண்டும் என்றால் டங்ஸ்டன்தான். நுண்ணிய படங்கள் வேண்டும்போது சென்னை ஐஐடி போன்ற இடங்களில் உள்ள சைஃப் என்ற பொதுக் கருவி மையங்களுக்கு அனுப்பலாம். அரசு நிதியில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஐ-ஸ்டெம் தளத்தில் தேடவும் முடியும். 2020 ஜனவரியில் தொடங்கிய அந்தத் தளத்தைப் பார்க்காமல் திட்ட அறிக்கை எழுதாதீர்கள். பக்கத்து ஊரில் ஒன்று சும்மா நின்றால் மதிப்பீட்டுக் குழு அதைத்தான் முதலில் கேட்கும்.

ஊடுருவும் வகையான ‘டெம்’ வேறு உலகம். கூரை உயரம், மாதிரியை நூறு நானோமீட்டருக்கும் மெலிதாக வெட்டும் அல்ட்ரா மைக்ரோடோம், அதற்கென்றே பழகிய ஆள் என்று எல்லாமே தனி. முதல் கருவியாக அதை வாங்கவேண்டாம்.

இனி அறை. தரைத்தளம். இதில் சமரசம் கிடையாது. லிஃப்ட், டிரான்ஸ்ஃபார்மர், மூன்று ஃபேஸ் பேனல், ஃபர்னஸ் ஓடும் ஆய்வகம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்கவேண்டும். மாறுதிசை காந்தப்புலம்தான் கண்ணுக்குத் தெரியாத எதிரி. பூமியின் நிலையான காந்தப்புலம் ஒன்றும் செய்யாது. சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கேபிளின் புலம்தான் எலக்ட்ரான் கற்றையை ஆட்டும். டங்ஸ்டன் கருவிக்கு 3 மில்லிகாஸ் அளவுக்குள்ளும், ஃபீல்ட் எமிஷனுக்கு 1 மில்லிகாஸ் அல்லது அதற்கும் கீழேயும் கம்பெனிகள் கேட்பது வழக்கம். காஸ்மீட்டரை வைத்து நீங்களே அளந்து பாருங்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை அல்ல. வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு, லிஃப்ட் ஏறி இறங்க, மேல்மாடி ஏசிகள் ஓட, அறையின் நாலு மூலையிலும் நடுவிலும் மூன்று உயரங்களில் அளந்து குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் முன் கம்பெனியும் இடத்தை அளந்து ‘இந்த அறை தகுதியானது’ என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் படம் ஆடினால், ‘உங்கள் அறைதான் காரணம்’ என்ற பதிலுக்கு இடம் இருக்காது.

எர்த்திங் இந்தக் கருவிக்கென்று தனியாகக் குழி தோண்டிப் போட்டதாக இருக்கவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிடுங்கள். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோடு 10 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ், அரை மணி நேர பேக்கப், பெரும்பாலான டங்ஸ்டன் கருவிகளுக்குப் போதும். கருவியின் சுமைப் பட்டியலை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். யுபிஎஸ், கருவியைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லர், ரோட்டரி பம்ப் மூன்றையும் சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள். பம்ப்பின் எண்ணெய்ப் புகையை வெளியே கொண்டுபோக ஒரு குழாய் போட்டாகவேண்டும். கேபிள் போகும் ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் எலி வரும், பல்லி வரும். யுபிஎஸ் போர்டில் பல்லி விழுந்து ஷார்ட் ஆவதும், எலி டியூப்பைக் கடிப்பதும் கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், பழுதுச் செலவில் அப்படித் தெரியாது.

கடலோர ஊர்களில் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய ஒன்று ஈரம். சில்லர் 18 டிகிரியில் தண்ணீரைச் சுற்றவிடும். பகலில் ஏசி ஓடும்போது தொல்லையில்லை. இரவில் ஏசியை அணைத்துவிட்டு சில்லரை மட்டும் ஓடவிட்டால், அறை 28 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாகப் போகும். அந்தக் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே உள்ள எதன் மேலும் பனி படியும். குழாய் வேர்க்கும், சொட்டு சர்க்யூட் போர்டில் விழும். ஆகவே சில்லரும் ஏசியும் சேர்ந்தே ஓடவேண்டும், அல்லது சேர்ந்தே நிற்கவேண்டும். 1.5 டன் ஏசி இரண்டு போட்டு மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. காற்று நேராகக் கருவியின் தூணில், அதாவது கற்றை இறங்கும் நிமிர்ந்த குழாயில், அடிக்கக் கூடாது, அடித்தால் படம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கதவை மறந்துவிடாதீர்கள். பெட்டியின் நீள அகல உயரத்தை முன்கூட்டியே வாங்கி, லாரி நிற்கும் இடத்திலிருந்து அறை வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நடுவில் இரண்டு படி, ஒரு திருப்பம், 90 சென்டிமீட்டர் கதவு இருந்தால் சுவரை இடிக்கும் வேலை அன்றைக்குத்தான் தொடங்கும்.

டெண்டர் ஆவணம் எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, ஒரு கம்பெனியின் பிரவுஷரை அப்படியே நகல் எடுப்பது. மற்ற கம்பெனிகள் ஆட்சேபம் எழுதும், அல்லது ஒரே ஒரு விலைப்புள்ளிதான் வரும். இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம், மத்திய நிறுவனம் என்றால் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். இரண்டிலும் எல்லோருக்கும் பொதுவான அளவுகோலில்தான் எழுதவேண்டும். மத்திய அரசுக் கொள்முதலில் 200 கோடிக்குக் குறைந்தவற்றுக்கு உலகளாவிய டெண்டர் விடக் கூடாது என்று 2020இல் ஒரு கட்டுப்பாடு வந்தது, பிறகு ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தளர்த்தினார்கள். உங்கள் நிறுவனம் எதில் வருகிறது என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விளம்பரம் கொடுக்கவேண்டும். தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு உறை முறையில் போங்கள்.

தொழில்நுட்பப் பகுதியில் பிரிதிறனை 30 கேவியில் மட்டும் கேட்காதீர்கள், 3 கேவியில் எவ்வளவு என்றும் கேளுங்கள். பாலிமர், உயிரியல் மாதிரிகள் எல்லாம் அங்கேதான் வேலை செய்யும். மேற்பரப்பின் மேடுபள்ளத்தைக் காட்டும் எஸ்இ டிடெக்டரோடு, கனமான தனிமத்தை வெளிச்சமாகக் காட்டும் பிஎஸ்இ டிடெக்டரும் வேண்டும். பூச்சு இல்லாமல் மாதிரியைப் பார்க்க லோ வேக்குவம் வசதி, தாவரவியல் துறையும் பயன்படுத்தப் போகிறது என்றால் கட்டாயம். மாதிரியிலிருந்து வரும் எக்ஸ்-ரேயை வைத்து என்னென்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும், ‘ஈடாக்ஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் ஈடிஎஸ்ஸில் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் கேளுங்கள். மின்சாரத்திலேயே குளிரும், பழைய வகைக்குப் போல் வாராவாரம் திரவ நைட்ரஜன் ஊற்றவேண்டாம். மாங்கனீஸ் கே-ஆல்ஃபா கோட்டில் 130 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் பிரிதிறன் என்றால் நல்லது. மின்சாரம் கடத்தாத மாதிரிக்கு மெல்லிய தங்கம் பூசும் கோல்ட் ஸ்பட்டர் கோட்டரைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். கார்பன் பூசும் வசதியும் அதிலேயே இருக்கட்டும், காரணம் பின்னால் வருகிறது. மென்பொருளுக்குக் கூடுதல் உரிமம் நாலைந்து கேட்டால் மாணவர்கள் வேறு கணினியில் உட்கார்ந்து ஸ்பெக்ட்ரம் பார்ப்பார்கள், கருவி அடுத்தவருக்குக் காலியாகும். டெண்டருக்குப் பிறகு தனியாகக் கேட்டால் இதே உரிமத்துக்கு யானை விலை.

பெரும்பாலான துறைகள் கோட்டைவிடும் இடம் பராமரிப்பு. மூன்று வருட முழு வாரண்டிக்குப் பின் ஐந்து வருட சிஎம்சி (உதிரிபாகமும் சேர்ந்த முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டணத்தை விலை உறையிலேயே வருடவாரியாகக் கேட்டு, குறைந்த விலை யாருடையது என்று பார்க்கும்போது அதையும் கூட்டிக் கணக்கிடுவோம் என்று டெண்டரில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கருவியைக் குறைவாகக் கொடுத்துவிட்டு நாலாவது வருடத்தில் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். சிஎம்சியில் ‘நுகர்பொருள் தவிர’ என்று ஒரு வரி இருக்கும். இழை, அபெர்ச்சர் மட்டும்தானா, அல்லது சிண்டிலேட்டர், ஃபீல்ட் எமிஷன் முனை, டர்போ பம்ப் எல்லாம் அதற்குள் போய்விடுமா என்று பெயர் சொல்லிப் பட்டியல் வாங்குங்கள். இன்ஜினியர் எத்தனை மணி நேரத்தில் வருவார், வருடத்தில் 95 விழுக்காடு நாள் கருவி ஓடாவிட்டால் என்ன அபராதம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கருவி விலையில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் வருடந்தோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வழியில்லை என்றால், சின்னக் கருவியாக வாங்குங்கள்.

விலை உறையைத் திறக்கும் முன் டெமோ கேளுங்கள். உங்கள் துறையின் கஷ்டமான மாதிரிகள் மூன்றை, ஒரே தொகுதியிலிருந்து எடுத்து, எல்லாக் கம்பெனிக்கும் கொடுக்கவேண்டும். அவர்கள் கொண்டுவரும் மாதிரியில் எல்லாக் கருவியும் அழகாகத்தான் காட்டும்.

பணக் கணக்கில் இரண்டு இடத்தில் அடி விழும். ஒன்று, ஒப்புதல் ரூபாயில், விலை டாலரிலோ யூரோவிலோ யென்னிலோ. எல்சி (விற்பவருக்கு வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) திறக்கும் நாளுக்குள் மாற்று விகிதம் ஏறினால் பற்றாக்குறை. முன்யோசனையாகக் கொஞ்சம் இடைவெளி விடவேண்டும். இரண்டு, வரி. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 விழுக்காடு ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலை 18 முதல் இல்லை, 18 விழுக்காடு கட்டவேண்டும். பழைய திட்ட அறிக்கையை நகல் எடுத்தவர்கள் பலர் இங்கே மாட்டிக்கொண்டார்கள். சுங்கச் சலுகை பெற டிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு உயிரோடு இருக்கிறதா, அந்தச் சலுகையைத் தரும் அறிவிக்கை இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பதைக் கருவி கப்பலேறும் முன் பாருங்கள். மீனம்பாக்கம் சரக்குப் பிரிவில் பெட்டி வந்து இறங்கியபின் காகிதம் தேடினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஒவ்வொரு நாளும் ஏறும். தொகையில் 90 விழுக்காடு ஏற்றுமதி ஆவணத்துக்கு, மீதி 10 நிறுவி ஏற்றுக்கொண்டபின் என்று வைப்பது வழக்கம். அந்தப் பத்தை எக்காரணம் கொண்டும் முன்பே விட்டுவிடாதீர்கள். வாரண்டி தொடங்குவது ஏற்றுக்கொண்ட நாளில் என்று இருக்கவேண்டும், பெட்டி புறப்பட்ட நாளில் அல்ல. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் அதிர்வு, சாய்வுக் காட்டிகள் சிவந்திருக்கின்றனவா என்று லாரியிலிருந்து இறக்கும்போதே பார்த்து, படம் எடுத்து, டெலிவரி சீட்டில் எழுதிவிடவேண்டும். பிரித்தபின் சொன்னால் இன்ஷூரன்ஸ் கேட்காது.

ஏற்றுக்கொள்ளும் சோதனைக்குக் கார்பன் மேல் தங்கத் துகள் படிந்த மாதிரியைப் பயன்படுத்துவார்கள். எந்தக் கேவி, எந்த வேலைத் தூரம் (லென்ஸுக்கும் மாதிரிக்கும் உள்ள இடைவெளி) என்பதெல்லாம் டெண்டரில் சொன்னபடியே இருக்கட்டும். அதுவும் வேலை நேரத்திலேயே செய்யச் சொல்லுங்கள். துகளின் செங்குத்து விளிம்பு ரம்பப் பல் போல் தெரிந்தால் எங்கோ குறுக்கீடு இருக்கிறது. அது காந்தப்புலமா, தரை அதிர்வா? கேவியைக் குறைத்து, மாதிரியைக் கீழே இறக்கி வேலைத் தூரத்தைக் கூட்டுங்கள். பல் பெரிதானால் காந்தப்புலம், மெதுவாகப் போகும் எலக்ட்ரானை அது அதிகமாக வளைக்கும். பல் அப்படியே இருந்தால் அதிர்வு, பெரும்பாலும் ரோட்டரி பம்ப்பின் குழாய் சுவரிலோ மேஜையிலோ தொட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒரு சோதனை தெரிந்தால் இன்ஜினியரோடு பேசும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இழை மாற்றுவதை முதல் மாதத்திலேயே குறைந்தது இரண்டு பேர் கற்றுக்கொள்ளவேண்டும். பதினொரு மாத ஒப்பந்தத்தில் வரும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவர் போகும்போது கருவியும் போனது போலத்தான். கற்றையை அணைத்தபின் இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். சூடான டங்ஸ்டன் மேல் காற்றுப் பட்டால் ஆக்சைடாகும். உலர் நைட்ரஜன் விட்டுத் திறந்து, இழையை மூடியிருக்கும் வெனெல்ட் தொப்பியைக் கழற்றினால் உள்ளே நீலமும் பழுப்புமாகப் படிவு இருக்கும். உலோகப் பாலிஷைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்து, அசிட்டோனில் பத்து நிமிடம், ஐசோபுரோபனாலில் பத்து நிமிடம் அல்ட்ராசோனிக்கில் வைத்து உலர்த்துங்கள். நடுத்துளையின் விளிம்பில் பாலிஷ் ஒரு துணுக்கு தங்கினாலும் கற்றை நிலையாக நிற்காது. புது இழையின் முனை துளையின் நட்டநடுவில் இருக்கிறதா என்று ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். மின்னோட்டத்தை ஏற்றும்போது வெளிச்சம் ஒருமுறை ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறிச் சமமாகும். முதல் ஏற்றம் பொய். இரண்டாவது ஏற்றம் சமமாகும் அந்த வளைவிலேயே நிறுத்தவேண்டும். இன்னும் கொஞ்சம் பிரகாசம் வேண்டும் என்று ஏற்றினால் இழையின் ஆயுளைத்தான் செலவழிக்கிறீர்கள். அறுந்த இழையைத் தூக்கிப்போடாமல் பாருங்கள். அறுந்த நுனியில் உருண்டையாக உருகிய மணி இருந்தால் யாரோ அளவுக்கு மேல் ஏற்றியிருக்கிறார்கள். நுனி மெலிந்து கூராக அறுந்திருந்தால் அது வாழ்ந்து முடிந்த இழை.

மாதிரி தயாரிப்பில் ஒரு கட்டளை: ஈரமானது, காந்தத்தன்மை உள்ள தளர்ந்த பொடி, இரண்டும் உள்ளே போகக் கூடாது. காந்தப் பொடி நேராக லென்ஸின் காந்த முனையான போல் பீஸில் போய் ஒட்டும், அதைச் சுத்தம் செய்வது கம்பெனி வேலை. மற்ற பொடியைக் கார்பன் டேப்பில் மெலிதாகத் தூவி, நைட்ரஜன் கொண்டு ஊதி, ஒட்டாததை வெளியேற்றிவிட்டு உள்ளே அனுப்புங்கள். மழைக்காலத்தில் துகள்கள் ஈரம் குடித்திருக்கும், முந்தின இரவு 60 டிகிரி அடுப்பில் வைத்தால் காலையில் வெற்றிடம் விரைவில் கிடைக்கும். மாதிரி இல்லாத நேரத்தில் கருவியின் உள்ளறைக்கு வெற்றிடம் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் பதிவேட்டில் எழுதுங்கள். மூன்று நிமிடத்தில் வந்தது ஆறு நிமிடமானால் ஓ-ரிங்கில் முடியோ தூசியோ இருக்கிறது, அல்லது பம்ப் எண்ணெய் கறுத்துவிட்டது. தாவர, விலங்குத் திசுவுக்கு 2.5 விழுக்காடு குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, எத்தனாலில் 30, 50, 70, 90, 100 என்று படிப்படியாக நீரெடுத்து, கிரிட்டிக்கல் பாயிண்ட் டிரையர் இல்லாவிட்டால் எச்எம்டிஎஸ் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தில் ஊறவைத்துப் புகைக்கூண்டுக்குள் உலரவிடலாம். கையுறை இல்லாமல், மாதிரியை ஒட்டும் உலோக ஸ்டப்பைத் தொட்டால், விரல் எண்ணெய் படத்தின் நடுவில் கறுப்புச் சதுரமாக வந்து நிற்கும்.

கார்பன் பூச்சுக்கு வருவோம். தங்கத்தின் எம் கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் விழும், பாஸ்பரஸின் கே கோடு 2.01இல். ஹைட்ராக்சிஅபடைட் போன்ற எலும்புப் பொருளுக்குத் தங்கம் பூசி ஈடிஎஸ் எடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கால்சியம்–பாஸ்பரஸ் விகிதம் தப்பாக வரும். பிளாட்டினமும் 2.05இல் நிற்கிறது, அதுவும் உதவாது. இப்படிப்பட்ட மாதிரிக்குக் கார்பன்தான். மாலிப்டினமும் கந்தகமும் எந்தப் பூச்சிலும் ஒன்றன்மேல் ஒன்று விழும், 2.29, 2.31, அங்கே மென்பொருள் தரும் விழுக்காட்டை அப்படியே ஆய்வேட்டில் எழுத விடாதீர்கள்.

வகுப்புக்கு ஐந்து ஐந்து பேராக விடுங்கள், ஒவ்வொருவரும் ஃபோகஸும், படம் ஒரு பக்கம் இழுபடுவதைச் சரிசெய்யும் ஸ்டிக்மேட்டரும் தொட்டாகவேண்டும். முதல் நாள் செம்பருத்தி மகரந்தம்: பெரியது, முள் முள்ளாக இருக்கும், தொலைந்துபோகாது. ஈடிஎஸ்ஸுக்குக் காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் ஜரிகை நூல் ஒரு சென்டிமீட்டர் போதும். பட்டு இழையைச் சுற்றிய தட்டையான வெள்ளிக் கம்பியும், அதன்மேல் மெல்லிய தங்கமும் தெரியும். முதலில் 10 கேவியில் ஸ்பெக்ட்ரம் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு அதே இடத்தில் 25 கேவியில். கேவி ஏற ஏறத் தங்கத்தின் பங்கு குறைந்து வெள்ளி எழும். கற்றை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மாணவர் தன் கண்ணாலேயே பார்ப்பார். போலி ஜரிகை ஒன்றையும் பக்கத்தில் ஒட்டிவைத்தால் செம்பும் பாலியஸ்டரும் வரும். பட்டு, பாலியஸ்டர் இரண்டும் மின்சாரம் கடத்தாது. ஆகவே உலோகச் சுற்று கார்பன் டேப்பைத் தொடும்படி ஒட்டி, நூலின் இரு முனையிலும் சில்வர் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள். பழக்கதோஷத்தில் தங்கம் பூசிவிடக் கூடாது, தேடுவதே தங்கம்.